எடை பார்க்கும் வரிசை

வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. நகர்ந்தால் நல்லதா, இப்படியே நின்றுவிட்டால் நல்லதா என்று தருமலிங்கத்துக்கே சொல்லத் தெரியவில்லை. வெயில் இன்னும் ஏறவில்லை, அதற்குள் சட்டைக்குள்ளே வேர்த்துக் கொட்டியது. லுங்கிக்கு மேலே கட்டி, சட்டையைத் தொங்கவிட்டு மறைத்திருந்த அகலப் பச்சை பெல்ட்டு இடுப்பை அறுத்தது. காசு வைக்கிற பையில் காசுக்குப் பதில் கடற்கரைக் கூழாங்கல் இருந்தால் அறுக்காமல் என்ன செய்யும். விடிகாலையில் தேகப்பயிற்சிக்கு எல்லாரும் மணலில் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தபோது குனிந்து குனிந்து பொறுக்கியது. குனிகிற பயிற்சியில் இவன் மட்டும் இத்தனை உற்சாகமாகக் குனிகிறானே என்று பயிற்சி கொடுத்த பெண் மெச்சிக்கொண்டாள். அங்கே கொட்டகை வாசலில் தராசு நிற்கிறது. அரிசி மில்லில் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு, நாலு சக்கரம் வைத்தது. மூட்டை ஏற்றுகிற பலகையில் மனுசன் ஏறி நிற்க வேண்டும், நர்ஸ் மா கின் கம்பியில் குண்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ராத்தல் சொல்லுவாள், பக்கத்தில் ஓய்வு முகாமின் தலைவர் கரும்பலகையில் எழுதுவார். பழைய பட்டாளத்துக்காரர், எல்லாரும் அவரைக் காப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். வந்த அன்றைக்கு ஒரு எடை, நடுவில் ஒரு எடை, போகிற அன்றைக்கு ஒரு எடை. தொழிலாளி ஓய்வெடுத்தான் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி? சிரித்தான் என்றால் பல்லைக் காட்டியிருப்பான், பாடினான் என்றால் வாயசைத்திருப்பான், சதை பொய் சொல்லாது என்று காப்டன் முதல் நாளே மெகாபோனில் சொல்லியிருந்தார். எடை கூடியவனும் அப்படியே நின்றவனும் ஊருக்குப் போகலாம். குறைந்தவன் போக முடியாது. அரசாங்கம் போட்ட சோறு அவன் உடம்பில் ஒட்டவில்லை என்றால் அரசாங்கம் விட்டுவிடுமா, இன்னொரு வாரம் வைத்திருந்து தேற்றி அனுப்பும். நடுவில் பார்த்த எடையில் தருமலிங்கம் மூன்று ராத்தல் குறைந்திருந்தான். இன்றைக்குச் செவ்வாய். மதராஸ் கப்பல் வியாழக்கிழமை.

மத்தியான லாரியைப் பிடித்தால் மலையைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, ரயிலேறி, புதன் ராத்திரி ரங்கூன் போய்விடலாம். பிடிக்காவிட்டால் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஒன்றுமில்லை, ஆனாலும் மனசு அதையே செக்குமாடு மாதிரி சுற்றியது. லாரி, மலை, ஆறு, ரயில், தையலு. தையல்நாயகி என்று மாமனார் வைத்தியநாத சாமி கோயில் அம்மனை நினைத்து வைத்த பெயர், அதைச் சுருக்கி இவன் கூப்பிடுகிற பெயர் தையலு. அவளும் மகள் அம்சவேணியும் கப்பலேறுகிறார்கள். இவன் ஏறவில்லை. இவனுக்கு நாட்டை விட்டுப் போக அனுமதி வரவில்லை. துணி மில்லுக்கு வேண்டிய ஆள், பாய்லர் பார்க்கிறவன், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு என்றால் எப்போது என்று கேட்டதற்கு அனுமதி கொடுக்கிற அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு மேலே சுழலுகிற மின்விசிறியைப் பார்த்தான். இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஓய்வு முகாம் வந்து சேர்ந்தது. மில் முற்றத்தில் கூட்டம். மில்லை அரசாங்கம் எடுத்து மக்கள் மில் ஆக்கி நாலு வருசம் ஆன விழா. எல்லாமே மக்கள் ஆகிவிட்டது அப்போது, மக்கள் கடை, மக்கள் சோப்பு, மக்கள் பிஸ்கோத்து, கடையில் சாமான் மட்டும்தான் இல்லை. மேடையில் முன்மாதிரித் தொழிலாளிகளின் பெயரை வாசித்தார்கள், கடற்கரையில் இரண்டு வாரம் அரசாங்கச் செலவில் ஓய்வு. பர்மியப் பெயராக வாசித்துக்கொண்டே வந்து நடுவில் தருமலிங்கம் என்று ஒரு பெயர் வந்தது, வாசித்தவருக்கு வாயில் நுழையாமல் மூன்று தரம் முட்டி மோதி வந்தது. கை தட்டினார்கள். இவனும் தட்டினான், யாருக்கோ தட்டுகிறோம் என்று நினைத்து. அப்புறம்தான் போர்மேன் காதில் சொன்னான், இந்தியனும் ஒருத்தன் போட்டோவில் இருக்கணுமாம், வேண்டாம் கீண்டாம்னு சொல்லிவைக்காதே, உன் வீட்டுக்காரங்க கப்பல் விசயம் யார் கையில இருக்குன்னு உனக்கே தெரியும். அவன் நல்லவன், நல்லதுக்குத்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து சொன்னதும் தையலு சட்டியைக் கீழே வைத்தாள். வைத்தாளா, போட்டாளா. சத்தம் கேட்டது. 'கப்பலுக்கு மொத நாளு வந்து சேருவீங்களா மாட்டீங்களா?' வந்துருவேன். 'வரலேன்னா நான் ஏற மாட்டேன். சொல்லிட்டேன். நீங்க இல்லாம சாமானத் தூக்கிக்கிட்டு நாதியத்தவ மாதிரி நான் ஏற மாட்டேன்.' பிடிவாதக்காரி. கல்யாணமான புதிதில் ஒரு தீபாவளிக்கு இவன் மில்லில் மாட்டிக்கொண்டு மறுநாள் மத்தியானம் வந்தான், அதுவரை எண்ணெய் கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் சொன்னதுதான். அவள் ஏறாவிட்டால் அவள் இடம் இன்னொருத்தருக்குப் போய்விடும். இன்னொரு கப்பல் உண்டா என்பது கப்பலுக்கே தெரியாது.

'நகருங்க கோ லிங்கம், நகருங்க,' என்று பின்னாலிருந்து கோ துன் முதுகில் விரலால் குத்தினான். நெசவுப் பகுதிக்காரன், இவன் மில்தான், பத்து வருசமாகப் பழக்கம், அண்ணன் என்கிற மாதிரி கோ போட்டுத்தான் கூப்பிடுவான். பர்மியன், ஆனால் தமிழும் பர்மிய பாஷையும் கலந்து ஒரு கதம்பமாகப் பேசுவான், சண்டை என்றால் சுத்தத் தமிழ் வந்துவிடும். தருமலிங்கம் இரண்டு அடி வைத்தான். கல் ஒன்றோடொன்று உரசி கறக் என்றது. இவனுக்கு மட்டும் கேட்டதா, ஊருக்கே கேட்டதா. வயிற்றில் தண்ணீர் குலுங்கியது. விடிந்ததிலிருந்து செம்பு செம்பாகக் குடித்திருந்தான், முட்டிக்கொண்டு வந்தது, அடக்கு, இன்னும் கொஞ்சம், கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் வருமே அந்த மாதிரி. நாற்பத்தைந்து வயசில் இப்படிக் காலை இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று சிரிப்புக்கூட வந்தது. தண்ணீர் ஒரு ராத்தல் இருக்குமா, இரண்டு இருக்குமா. கல் எவ்வளவு இருக்கும். போன தடவை மூன்று குறைவு, அதற்கப்புறம் எத்தனை இறங்கியதோ, லுங்கியைச் சுற்றும்போது துணி மிச்சமாகிக்கொண்டே வந்தது. போதுமா. போதாதா. போதாது என்று பட்ட அடுத்த நொடி, போதாமல் போகட்டுமே என்று உள்ளுக்குள்ளே ஒன்று சொன்னது. அதைத்தான் இவனால் தாங்க முடியவில்லை. அது இன்றைக்குச் சொன்னதில்லை. வந்த மூன்றாம் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் ஙாப்பி வைத்தார்கள், மீனை நொதிக்கவைத்து அரைத்த துவையல், நல்ல காரம். இவன் தட்டைத் தள்ளிவைத்தான். ஏன் சாப்பிடலே என்று மா கின் கேட்டதற்கு நாற்றம் பிடிக்கலே என்றான். பிறந்தது ரங்கூன் காமாயுட்டில், அம்மா தாய்ப்பாலை நிறுத்தியதே ஙாப்பி தடவின சோற்றை ஊட்டித்தான் என்று அக்கா கேலி செய்வாள், இவனுக்கு ஙாப்பி நாற்றம் பிடிக்கவில்லையாம்! பொய் என்று வாயில் வரும்போதே தெரிந்தது. அப்படியென்றால் ஏன் சாப்பிடவில்லை. பசி இல்லை. பசி ஏன் இல்லை. கவலை. என்ன கவலை, பெண்டாட்டி பிள்ளை போகிற கவலை. அதுவரைக்கும் சரி, எவனுக்கும் இருக்கிறதுதான். ஆனால் அன்றைக்கு மத்தியானம்தான் காப்டன் சொல்லியிருந்தார், குறைந்தவர்களை ஒரு வாரம் நிறுத்திவைப்போம் என்று. அதைக் கேட்டுவிட்டு ராத்திரி தட்டைத் தள்ளிவைத்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று பாயில் புரண்டு புரண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சம்பந்தம் இல்லாததை எதற்கு அத்தனை தரம் சொல்ல வேண்டும். இவன் இங்கே மெலிந்து கிடந்தால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம், தையலுவிடம் போகாதே என்று கெஞ்ச வேண்டாம், மகள் முகத்தைப் பார்த்து நீ படித்தது போதும் என்று சொல்ல வேண்டாம். கப்பல் போய்விடும், அவள் ஏறியிருக்க மாட்டாள், அடுத்த வாரம் இவன் வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியும், குழம்பு கொதிக்கும், அவள் திட்டுவாள், திட்டட்டும், திட்டுவதற்கு ஆள் இருக்கும். பழி யாருக்கு? பட்டாளத்துக்கு. முகாமுக்கு. இவன் மேல் ஒரு தூசி விழாது. அதை நினைக்கும்போது நெஞ்சில் ஒரு சுகம் பரவியது, அந்தச் சுகத்தைக் கண்டுதான் பயந்து போனான். சீ, என்ன மனுசன் நான்.

அம்சாவின் முகம். பத்தாவது பரீட்சை முடிவு வந்த அன்றைக்கு அவள் தெருமுனையிலிருந்தே ஓடிவந்தாள், ஒரு கால் செருப்பு வார் அறுந்துபோய் அதைக் கையில் பிடித்துக்கொண்டு. ஜில்லாவிலேயே கணக்கில் அவள்தான் அதிகம். அப்பா நான் டாக்டருக்குப் படிக்கப்போறேன் என்றாள், படிக்கலாமா என்று கேட்கவில்லை, போறேன் என்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனான். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் மார்க்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது. பெயரைப் பார்த்தார். நீங்க வெளிநாட்டுக்காரங்க ஆச்சே. நான் இங்கதாங்க பொறந்தேன், இவளும் இங்கதான். அதனால என்ன, வெளிநாட்டுக்காரங்க இங்க பொறக்கறதில்லையா? பேச்சில் தப்பே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், இறங்குகிற இடம் வந்ததும் அப்பா இறங்கணும் என்று மட்டும் சொன்னாள், இவன்தான் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தான். அப்புறம் திருச்சிராப்பள்ளியில் இருக்கிற மச்சானுக்கு எழுதி, அவர் அனுப்பச் சொல்லி, எழுதின கடிதத்தை வழியில் எத்தனை பேர் பிரித்துப் படித்தார்களோ, எல்லாம் ஆகி, இப்போது வியாழக்கிழமை வரைக்கும் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணை இங்கேயே வைத்து என்ன செய்வான், மக்கள் சோப்புக் கடையில் சோப்பு இல்லை என்று சொல்லுகிற வேலைக்கு அனுப்புவானா. அவள் போக வேண்டும். அதில் இவனுக்கு இரண்டு நினைப்பு இல்லை. அவள் மட்டும் போய், தையலு இருந்துவிட்டால்? பதினாறு வயசுப் பெண்ணைத் தனியாகக் கப்பலில் யார் அனுப்புவார்கள். பேசாமல் இரு மனசே.

கொட்டகைக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்தது. இரண்டு வாரமாகப் பார்த்த கடல்தான். தினமும் காலையில் விசில் ஊதினால் முழங்கால் வரை இறங்க வேண்டும், அடுத்த விசிலுக்குச் சிரித்துக்கொண்டு தண்ணீர் வாரி இறைக்க வேண்டும், மூன்றாவது விசிலுக்கு ஏறிவிட வேண்டும். மலைக்காட்டிலிருந்து வந்த ஒரு சுரங்கத் தொழிலாளி முதல் நாள் அலையைப் பார்த்து மிரண்டுபோய் மணலில் உட்கார்ந்துவிட்டான், அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தோசப்பட வைத்தார்கள். மத்தியானம் கட்டாயத் தூக்கம், ஒருத்தர் வந்து கண்ணை மூடியிருக்கிறோமா என்று பார்த்துக்கொண்டு போவார். சாயங்காலம் பாட்டு. தருமலிங்கம் பாட்டு முடிந்ததும் தண்ணீர் ஓரம் போய் நிற்பான். சூரியன் கடலுக்குள்ளே இறங்குகிற கரை இது. இறங்குகிற பக்கம்தான் மதராஸ். அப்பா அங்கேயிருந்து வந்தவர், மூட்டை தூக்க, இரண்டு வருசத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், காமாயுட்டிலேயே செத்துப்போனார். இவன் அந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊருக்கு வெளிநாட்டுக்காரனாக இருப்பது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை. இதே தண்ணீர் மேல்தான் அவர்கள் போவார்கள். தையலுவுக்குப் படகு என்றாலே குமட்டும், ஆற்றைக் கடக்கவே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருவாள். கப்பலில் எத்தனை நாள். யார் தலையைப் பிடிப்பார்கள். அம்சா பிடிப்பாள். தையலுவுக்குத் தூங்கும்போது பக்கத்தில் ஒரு முதுகு வேண்டும், முதுகில் முட்டியை வைத்து அழுத்திக்கொண்டுதான் தூங்குவாள், பத்தொன்பது வருசமாக இவன் இடுப்பெலும்பில் அந்த முட்டிக்கு ஒரு குழியே விழுந்திருக்கும். அது இல்லாமல் இவன் எப்படித் தூங்குவான். இந்த இரண்டு வாரமும் தூங்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது, கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததெல்லாம் தூக்கம் என்று நினைத்திருக்கிறான். எனக்கு அவ வேணும். அவ்வளவுதான். இத்தனை சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் இவ்வளவுதான் விசயம், எனக்கு அவ வேணும்.

'போன தரம் கொறைஞ்சீங்கள்ல?' கோ துன் காதருகே வந்து கேட்டான்.

'மூணு.'

'ஏதாச்சும் பண்ணியிருக்கீங்களா?'

தருமலிங்கம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கோ துன் அவன் இடுப்பைத் தட்டிப் பார்த்தான், கல் கறக் என்றது, சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

'கல்லா! கல்லு எத்தன கனம் இருக்கும்? நான் பாருங்க, வலைக்காரன்கிட்ட பேசி வாங்கினது.' லுங்கி மடிப்பிலிருந்து எதையோ எடுத்து, யாரும் பார்க்காமல் இவன் சட்டைக்குள் கைவிட்டு பெல்ட்டுப் பையில் திணித்தான். ஈயக் குண்டுகள், வலையை அமிழ்த்துவதற்குக் கட்டுகிறது. சில்லென்றிருந்தது. 'எனக்கு இருக்கு, இது உங்களுக்குன்னு வச்சிருந்தேன். கப்பல் இருக்குல்ல உங்களுக்கு. அக்கா காத்துக்கிட்டிருக்கும்ல.'

'போதும்யா, வேணாம்.'

'சும்மா இருங்க. கொறைஞ்சா மாட்டிக்குவீங்க. கூடினா யாரு என்ன சொல்லப்போறா?'

இவன் வேண்டாம் என்று சொன்னது எதை, ஈயத்தையா, போவதையா. கோ துன்னுக்கு அதெல்லாம் தெரியாது. கோ துன் நினைத்துக்கொண்டிருக்கிறான், இவன் பெண்டாட்டியைப் பார்க்கத் துடிக்கிறான், வழியனுப்பத் துடிக்கிறான் என்று. எத்தனை நல்ல மனசு. பத்து வருசமாகப் பக்கத்தில் இருந்து சோறு தின்றவன் தன் ஈயத்தைக் கொடுத்து இவனை அனுப்பப் பார்க்கிறான், இவன் உள்ளுக்குள்ளே கள்ளத்தனமாக நின்றுவிடப் பார்க்கிறான். வெட்கமாக இருந்தது. இப்போது பெல்ட்டு தொங்கியது, கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னால் நின்றவனைப் பார்த்தான், அவனும் வயிற்றுவலிக்காரன் மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவனுக்கு முன்னால் இருந்தவனும். அடப்பாவிகளா. வந்த நாளிலிருந்து எல்லாரும் ஒரே தட்டில் தின்று ஒரே விசிலுக்குச் சிரித்தும் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லையே. இத்தனை பேருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதானே, கடற்கரை எத்தனை அழகாக இருந்தால் என்ன. மனசு இளகிப்போய் எல்லாரையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டால் கல்லெல்லாம் கொட்டும். இரண்டு பேர்தான் இப்போது. ஒருத்தன். போ. ஏறு. ஏறினால் தையலு போய்விடுவாள். ஏறாமல் பெல்ட்டை அவிழ்த்து மணலில் போட்டுவிட்டால்? கை பெல்ட்டின் கொக்கிக்குப் போனது. போய் அங்கேயே இருந்தது. காப்டன் கூப்பிட்டுவிட்டார்.

பலகை ஆடியது. மா கின் இவன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாள், இவர் குறைகிறவர் என்று அவளுக்குத் தெரியும், பழைய இடத்தில் குண்டை வைத்தாள். கம்பி மேலே முட்டியது. தள்ளினாள். முட்டியது. இன்னும் தள்ளினாள். அவள் புருவம் மேலே போனது. கம்பி ஒருவழியாக நடுவில் நின்றது. வந்த அன்றைக்கு இருந்ததற்கு மேலே பதினொரு ராத்தல். பின்னால் கோ துன் ஐயோ என்று தமிழில் சொன்னது கேட்டது. காப்டன் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தராசைத் தானே குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தபோது அந்த மனுசன் முகம் மலர்ந்துவிட்டது, பாவம், இரண்டு வாரமாக அத்தனை பேரையும் சந்தோசப்படுத்தப் பாடுபட்டு ஒரு முழங்கால் வீங்கிப்போய் நொண்டுகிறவர், அவர் முகத்தில் இப்போதுதான் முதல்முறையாகச் சந்தோசம் தெரிகிறது. கரும்பலகையில் பதினொன்று என்று எழுதிவிட்டு மெகாபோனை எடுத்தார். தோழர்களே, இந்த முகாமிலேயே அதிக எடை! நடுவில் குறைந்தவர், பாருங்கள், நம் சோறு, நம் கடல் காற்று, எங்கே கொண்டுவந்து விட்டது! மலையில் நடக்கிற ஓய்வு முகாமில்கூட இதுவரை ஏழு ராத்தல்தான்! எல்லாரும் கை தட்டினார்கள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொடையில் தட்டினார்கள். காப்டன் இவன் தோளில் கை போட்டார். 'வெள்ளிக்கிழமை ரங்கூன்லேருந்து போட்டோக்காரர் வர்றார். பேப்பர்ல வரும். அதுவரைக்கும் நீ இங்கதான். அதுக்கப்புறமும் ஒரு வாரம் சலுகை வாங்கித் தர்றேன். தனி ரூம். கடல் பாத்த ரூம்.'

வெள்ளிக்கிழமை. கடைசியில் நடந்தேவிட்டது. இவன் ஒன்றும் செய்யவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு போகத்தான் பார்த்தான், உண்மையாகவே போகத்தான் பார்த்தான், யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணலாம், கோ துன்னே சாட்சி. நிறுத்தி வைத்தது அரசாங்கம். தையலு கேட்டால் சொல்லலாம், நான் என்னடி பண்ணுவேன், பட்டாளத்துக்காரன் தோளில கையப் போட்டு நிறுத்திட்டான். அவள் நம்புவாள். அழுவாள், அப்புறம் அடுப்பைப் பற்றவைப்பாள். ராத்திரி முட்டியை இடுப்பில் வைத்து அழுத்துவாள். அம்சா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பத்து வருசம் கழித்தும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் இருப்பாள், இவனும் அவள் பக்கத்தில் இறங்க மறந்து உட்கார்ந்திருப்பான். இப்போது இறங்க வேண்டும். இப்போதே. கை தானாகச் சட்டைக்குள் போய்க் கொக்கியை விடுவித்தது. பெல்ட்டை வெளியே இழுத்துப் பலகையிலிருந்து கீழே போட்டான், தொம் என்று விழுந்தது, பையின் மூடி திறந்துகொண்டு கல்லும் ஈயமும் மணலில் உருண்டன. தராசுக் கம்பி சட்டென்று கீழே போய் இடித்தது. பலகையில் இவன் மட்டும் நின்றான், எங்கே லுங்கியிலேயே போய்விடுமோ என்று பயம் வேறு.

காப்டன் மணலில் கிடந்த ஈயத்தைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக வரிசையைப் பார்த்தார், அத்தனை கையும் அத்தனை இடுப்பில் இருந்தது. ஏற்கெனவே எழுதி முடித்த கரும்பலகையையும் பார்த்தார். அவர் முகம் வயசானவர் முகமாகிவிட்டது. மா கின் குனிந்து ஈயக் குண்டுகளைக் காலால் மணலுக்குள் தள்ளினாள். காப்டன் மெகாபோனைத் தூக்கினார், வாய்வரை கொண்டுபோய்க் கீழே இறக்கினார். சாக்கட்டியை எடுத்து இவன் பெயருக்கு நேரே போட்டிருந்த பதினொன்றைக் கையாலேயே அழித்துவிட்டு, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று எழுதினார். 'தராசு கொஞ்சம் ஒட்டுது,' என்று மா கின்னிடம் சொன்னார். 'ஆமாங்க, உப்புக்காத்து,' என்றாள் அவள். அதற்கப்புறம் அவர் இவன் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

'எதுக்குய்யா இது? இங்க உனக்கு என்ன குறை?'

'ஒரு குறையும் இல்லீங்க. வியாழக்கிழமை மதராஸ் கப்பல். வீட்டுக்காரியும் மகளும் போறாங்க.'

'நீ?'

'எனக்கு அனுமதி இல்லீங்க.'

'அவங்கதானே போறாங்க. நீ எதுக்கு இப்படிப் பறக்கறே?'

'நான் போகலேன்னா அவ ஏற மாட்டாளுங்க.'

காப்டனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

'ஏறலேன்னா உனக்கு நல்லதுதானே?'

'ஆமாங்க,' என்றான் தருமலிங்கம். 'எனக்கு நல்லதுதான்.' பலகையிலிருந்து இறங்கி லுங்கியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, மத்தியான லாரி எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டான்.